அப்பாவின் செபமாலை அறுந்துவிட்டது: 109 மணிகளில் 106 கிடைத்தன

கொள்ளிடக்கரை (இந்த விவாத இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். போன ஆண்டு புரட்டாசியில் அப்பா தவறினார். வருடாப்தம் முடிந்த பிறகுதான் பூசை அலமாரியில் கை வைக்க மனம் வந்தது. திருநீற்றுப் பைக்குள் அவருடைய உருத்திராக்கச் செபமாலை இருந்தது. இரண்டு விரலால் தூக்கினேன், அவ்வளவுதான். நூல் இற்றுப்போயிருந்தது. மொசைக் தரையில் மணிகள் கொட்டிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

சின்ன வயதில் எனக்கு எண் சொல்லிக்கொடுத்ததே அந்த மாலையை வைத்துத்தான். 108 மணிகள், மேலே ஒரு நாயகமணி, ஆக 109. குத்துவிளக்கின் அடியில் ஒன்று, அரிசி டிரம்முக்குப் பின்னால் ஏழு என்று தேடித் தேடிப் பொறுக்கியும் 106தான் சேர்ந்தது. நாயகமணி கிடைத்துவிட்டது.

அத்தை பார்த்ததும் "அறுந்தது நல்லதற்கில்லை, ஆற்றில் விட்டுவிடு" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. மூன்று மணி புதிதாக வாங்கிக் கோக்கலாமா? கோத்தால் நான் கழுத்தில் போட்டுக்கொள்ளலாமா? அப்பா தீட்சை பெற்றவர். எனக்கு இதில் எதுவும் தெரியாது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_சைவர்

அம்மா, முதலில் ஒன்று. நூல் அறுந்ததை நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆற்றில் விட வேண்டாம்.

ஆனால் இரண்டு பொருளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறீர்கள். கழுத்தோடு ஒட்டி அணிவது கண்டிகை. மார்பில் தொங்குவது தாழ்வடம். கையில் வைத்து மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி உருவேற்றுவது செபமாலை. அணிகிற மாலையால் செபிப்பதும் இல்லை, செபிக்கிற மாலையை அணிவதும் இல்லை. கண்டிகைக்கு 32, தாழ்வடத்துக்கு 108 என்று கணக்கு இருக்கிறது. செபமாலை பிறர் கண்ணில் படாமல் இருக்க வேண்டியது. அதனால்தான் உங்கள் அப்பா திருநீற்றுப் பைக்குள் வைத்திருந்தார். இன்றைக்குத் தொலைக்காட்சி மேடையில் கேமராவைப் பார்த்துக்கொண்டே மணி உருட்டுகிறார்கள், அதைச் சொல்லி என்ன பயன்.

தீட்சை பெறாமல் ஐந்தெழுத்தை மாலை வைத்து எண்ணுவது முறையன்று. புலால், மது கூடாது. இவற்றுக்கு உட்பட முடியுமானால் அதே அளவில், அதே முகத்தில் (மணியின்மேல் ஓடும் கோடுகளின் எண்ணிக்கைதான் முகம்) மூன்று மணி வாங்கிக் கோத்து, பூசை செய்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐயப்பாடு

நூல் ஏன் அறுந்தது என்று ஒருவரும் கேட்கவில்லையே. பருத்தி நூல், பல ஆண்டு வியர்வை, எண்ணெய், திருநீறு. ஒரு வருடம் பைக்குள் காற்றுப் படாமல் கிடந்திருக்கிறது. அறாமல் இருந்திருந்தால்தான் அதிசயம்.

*[இங்கிருந்த ஒரு பதிவு நீக்கப்பட்டது. துக்கத்தில் இருப்பவரிடம் "சக்தி ஏற்றிய 14 முகம், இன்று மட்டும் பாதி விலை" என்று எழுதுவதற்கு இது இடமில்லை. நெறியாளர்]*

மணிகோப்பான்

நான் கோயில் வாசலில் கடை வைத்து மாலை கட்டுகிறவன். அப்பா காலத்திலிருந்து இதுதான் தொழில். சாத்திரம் பெரியவர்கள் சொல்லட்டும், கைவேலையை நான் சொல்கிறேன்.

அம்மா, மணி வாங்கக் கிளம்பும் முன் ஒன்று செய்யுங்கள். பத்து மணியை ஸ்கேல் ஓரமாக ஒட்டி ஒட்டி அடுக்கி நீளம் பாருங்கள். நேபாள மணி பெரியது, 20 மில்லிமீட்டருக்கு மேலும் வரும். செபமாலைக்கு அது கையில் அடங்காது. செபத்துக்குக் கட்டுவது பெரும்பாலும் இந்தோனேசியாவில் சாவகத் (ஜாவா) தீவிலிருந்து வரும் சின்ன மணி. சின்னதென்றால் அந்தக் கூட்டத்தில் மூன்று புது மணியைக் கலந்தால் பல்லில் அரிசி சிக்கியதுபோல விரலுக்குத் தெரியும். பழைய மணி கறுத்து வழவழப்பாகியிருக்கும், புதியது வெளுத்து முள்ளுமுள்ளாக இருக்கும். ஒன்றிப்போகச் சில ஆண்டுகள் ஆகும்.

கழுவுவதென்றால் சோப்பு வேண்டாம், காய்ந்து வெடிக்கும். சாதாரண நீரில் நனைத்து, பழைய மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் பள்ளங்களில் தேய்த்து அழுக்கை எடுங்கள். நிழலில் இரண்டு நாள் காய வேண்டும். ஈரத்தோடு டப்பாவில் மூடினால் பூஞ்சை பிடிக்கும். பிறகு உள்ளங்கையில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டு மணிகளை உருட்டுங்கள். அதற்கு மேல் எண்ணெய் விட்டால் தூசி அப்பிக்கொள்ளும்.

வெள்ளிப் பூண் போட்டுக் கம்பியில் கட்டித் தரட்டுமா என்று எந்தக் கடையிலும் கேட்பார்கள். என் கடையிலும்தான் கேட்போம், அதில் கூலி அதிகம். அது அணிவதற்கு அழகு. உருட்டுவதற்கு நூல்தான் சரி. கம்பியில் கட்டினால் மணிக்கு மணி கிணுகிணுவென்று சத்தம் வரும்.

பழைய_சைவர்

மணிகோப்பான் கடைசியில் சொன்னது முக்கியம். மணியோடு மணி உரசி ஓசை எழக் கூடாது என்பது விதி. அதற்காகத்தான் இடையிடையே முடிச்சு.

கொள்ளிடக்கரை

அளந்தேன். பத்து மணி எட்டரை சென்டிமீட்டர். எல்லாம் ஐந்து முகம்.

அளக்கும்போதுதான் கவனித்தேன், எல்லா மணியும் ஒரே நிறத்தில் இல்லை. முப்பது சொச்சம் மணிகள் மட்டும் புளியங்கொட்டை போலக் கறுத்துப் பளபளவென்று இருக்கின்றன, முகக்கோடுகூட மழுங்கிவிட்டது. மற்றவை செம்பழுப்பு. இரண்டு மாலையை அவிழ்த்து ஒன்றாகக் கட்டியிருப்பாரோ?

மணிகோப்பான்

ஒரே அளவு, ஒரே முகமாக இருந்தால் ஒரே வரத்து மணிதான். இப்படி ஒரு பகுதி மட்டும் தேய்ந்து நான் பார்த்ததில்லை. அல்லது பார்த்தும் கவனிக்கவில்லை.

யாழ்வடமராட்சி

தங்கச்சி, நீங்கள் ஏன் 108ஐக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? ஆறுமுக நாவலரின் சைவ வினாவிடையை எடுத்துப் பாருங்கள். எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்பே அதை மனப்பாடம் செய்ய வைப்பார்கள். செபமாலைக்கு இல்வாழ்வான் 27 மணியும் துறவி 25 மணியும் கொள்ளலாம் என்கிறார். இல்வாழ்வானுக்கு 54, 108 என்பதும் உண்டு. 27 மணியை நான்கு முறை உருட்டினால் 108 வந்துவிடுகிறது. என் பாட்டனார் வைத்திருந்தது 27தான், உள்ளங்கைக்குள் மறைந்துவிடும்.

நாவலர் கோக்கும் முறையையும் எழுதியிருக்கிறார். அடுத்தடுத்த மணிகளின் முனைகள் முகத்தோடு முகம், அடியோடு அடி பொருந்த வேண்டும். இடையில் நாகபாசம், பிரமகிரந்தி, சாவித்திரி என்று மூன்று வகை முடிச்சில் ஏதாவது ஒன்று. நூலின் இரண்டு நுனியையும் கூட்டி அதில் நாயகமணியை ஏற்றி முடிக்க வேண்டும். 1879இல் மறைந்தவர், கைவேலைக்காரனுக்கு உதவுகிற அளவுக்கு நுணுக்கமாக எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பழைய_சைவர்

யாழ்ப்பாணத்து அன்பர் சொல்வது சரி, 27ஐ மறந்துவிட்டேன். ஆனால் அதே நாவலர்தான் புலால் உண்பவருக்கு உருத்திராக்கம் தரிக்கும் தகுதி இல்லை என்கிறார். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நெல்லைச்சீமை

ஐயா, மன்னிக்கவும். தீட்சை, புலால், பிறர் கண்ணில் படக் கூடாது என்று அடுக்கிக்கொண்டே போனால் அப்பாவின் பொருளை மகள் தொடுவதற்கே பயந்துவிடுவாள். என் ஆச்சி தீட்சை வாங்கவில்லை. மாதத்தில் இரண்டு நாள் மீன் குழம்பு வைப்பார். சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து துளசிமணியை உருட்டுவார். மாலை பையில் இல்லை, மடியில்தான் கிடக்கும். போகிற வருகிறவர்களோடு பேசவும் செய்வார். ஆனால் விரல் மட்டும் நிற்காது. அவர் முகத்தில் இருந்த அமைதியை விதி தவறாமல் நடக்கிற எத்தனையோ பேரிடம் நான் காணவில்லை.

பழைய_சைவர்

உங்கள் ஆச்சியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை அம்மா. திருநாமம் சொல்ல யாருக்கும் தடை இல்லை. தீட்சையில் பெற்ற மந்திரத்தை உருவேற்றுவது வேறு, நாமம் சொல்வது வேறு. மருந்துக்கடை மருந்துக்குச் சீட்டு வேண்டும், சுக்குக் கஷாயத்துக்கு வேண்டாம். அவ்வளவுதான் வேறுபாடு.

நெல்லைச்சீமை

இந்த உவமையை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் சண்டைக்கே வந்திருக்கமாட்டேன்.

ஐயப்பாடு

108 பற்றி யாராவது பேசுவார்கள் என்று காத்திருந்தேன். 27 விண்மீன்கள், ஒவ்வொன்றுக்கும் 4 பாதம், ஆக 108. இது நம்முடைய பஞ்சாங்கக் கணக்கு, நியாயமாகவே படுகிறது. யாழ்ப்பாணத்தவர் சொன்ன 27ம் இதில் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறது: சூரியனின் விட்டத்தைப்போல் 108 மடங்கு தூரத்தில் பூமி இருக்கிறது, முன்னோர் அதை அறிந்தே மணி கோத்தார்கள் என்று. கணக்குப் போட்டால் 107.5 வருகிறது, கிட்டத்தட்டச் சரிதான். சந்திரனுக்குப் போட்டால் 110 தாண்டுகிறது. இதை வைத்து மாலைக்குக் காரணம் சொல்வது, செருப்பின் அளவைப் பார்த்துக் காலுக்குச் சோதிடம் சொல்வது போல.

இன்னொரு கணக்குதான் எனக்குப் பிடித்தது. யோக நூல்களில் ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்பார்கள். 24 மணி நேரத்துக்கு 1,440 நிமிடம், நிமிடத்துக்கு 15 மூச்சு, பெருக்கினால் 21,600 வருகிறது. ஓய்வாக இருக்கும் ஆள் நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு விடுகிறார் என்று இன்றைய மருத்துவம் சொல்வதற்குள் இது கச்சிதமாக விழுகிறது. யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து எண்ணியிருக்கிறார். மூச்சுக்கு ஒரு முறை என்று சொன்னால் ஒரு சுற்று மாலைக்கு ஏழு நிமிடம் சொச்சம் ஆகும்.

பழைய_சைவர்

அக்கமாலை என்ற பெயருக்கே எழுத்து மாலை என்று பொருள் சொல்வார்கள். அகரம் தொடங்கி ஐம்பது வடவெழுத்து, திரும்பி வருகையில் ஐம்பது, வருக்கம் என்ற எழுத்துக் குழுவுக்கு ஒன்றாக எட்டு. அப்படியும் 108.

பனிமயத்தெரு

வேறு வீட்டிலிருந்து எட்டிப் பார்க்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். எங்கள் செபமாலையில் 59 மணிகள். அருள்நிறைந்த மரியே சொல்ல 53, பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவேக்கு 6. பத்துப் பத்தாக ஐந்து தொகுதி, நடுவில் தொங்கும் சிறு பகுதியில் மூன்று. தூத்துக்குடியில் எங்கள் தெருவில் அக்டோபர் மாதம் முழுக்க வீட்டுக்கு வீடு போய்ச் சொல்வோம். ஒரு பாதியை ஒருவர் சொல்ல, மறுபாதியை மற்றவர்கள் சொல்வது வழக்கம்.

கண்ணுக்குத் தெரியக் கூடாது என்ற விதி எங்களுக்குக் கிடையாது. ஆனால் கழுத்தில் நகைபோலப் போட்டுக்கொண்டால் அம்மாச்சி அடிக்க வருவார். "அது கழுத்துக்கு இல்லை, கைக்கு" என்பார். பழைய சைவர் ஐயா சொன்னதைப் படித்ததும் அம்மாச்சியின் குரல்தான் கேட்டது. அவர் இறந்தபோது மாலையை விரல்களில் சுற்றியே அடக்கம் செய்தோம். அதனால் கொள்ளிடக்கரைக்கு இருக்கும் இந்தச் சிக்கல் எங்களுக்கு வரவில்லை.

கீழக்கரைவாசி

எங்களிடம் தஸ்பீஹ் மணி. 33 அல்லது 99. தொழுகை முடிந்ததும் சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 என்று நூறு சொல்வோம். மணியே வேண்டாம், விரலில் எண்ணுவதுதான் சிறந்தது என்பார் எங்கள் பள்ளிவாசல் இமாம். வாப்பா இரண்டையும் விடவில்லை. வீட்டில் மணி, பயணத்தில் விரல்.

யாழ்வடமராட்சி

விரல் இறையில் எண்ணுவது எங்களிடமும் உண்டு. கட்டைவிரலால் மற்ற விரல்களின் கோடுகளைத் தொட்டுத் தொட்டு நகர்த்துவது. பஸ்ஸில் போகும்போது ஒருவருக்கும் தெரியாது.

ஐயப்பாடு

பனிமயத்தெரு சொன்னதற்காக ஒன்று. 2001இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இத்தாலிய ஆய்வாளர்களின் கட்டுரை ஒன்று வந்தது. 23 பேரை வைத்து, இலத்தீன் மொழியில் மரியே வாழ்க மன்றாட்டையும் "ஓம் மணி பத்மே ஹூம்" மந்திரத்தையும் சொல்லச் சொல்லி மூச்சையும் இதயத் துடிப்பையும் அளந்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறாகக் குறைந்தது. இதயமும் இரத்த ஓட்டமும் அந்தத் தாளத்தோடு சேர்ந்துகொண்டன. சின்ன ஆய்வுதான், இதை வைத்து யாரும் கொடி பிடிக்க வேண்டாம். நான் மணி உருட்டுகிறவன் இல்லை. ஆனால் "சும்மா எண்ணிக்கொண்டிருப்பதில் என்ன இருக்கிறது" என்று கேட்பதை அதைப் படித்ததோடு நிறுத்திவிட்டேன்.

சிதம்பரவாசி

ஒரு குறுக்குக் கேள்வி. இழையைப் படித்துவிட்டு என் மாலையை டம்ளர் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். நான்கு மணிகள் மிதக்கின்றன. போலியா? இரண்டு செப்புக்காசுக்கு நடுவில் வைத்தால் சுழலும் என்கிறார்களே?

மணிகோப்பான்

தம்பி, முதலில் மணிகளை வெளியே எடுத்துத் துடையுங்கள். தண்ணீர்ச் சோதனையில் ஒன்றும் இல்லை. நன்றாகக் காய்ந்த நல்ல மணியும் மிதக்கும். ஈயம் வைத்த போலியும் மூழ்கும். காசுக்கு நடுவில் மேடுபள்ளமான எதை வைத்து அழுத்தினாலும் ஒரு பக்கம் திரும்பத்தான் செய்யும். இலந்தைக்கொட்டையை வைத்துப் பாருங்கள், அதுவும் சுழலும்.

நாங்கள் பார்ப்பது முகக்கோடுகளை. உண்மையான முகக்கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடும், அதன் ஆழம் இடத்துக்கு இடம் மாறும். செதுக்கிய கோடு ஒரே சீராக இருக்கும். உள்ளே எத்தனை அறையோ வெளியே அத்தனை முகம். எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும். பிளாஸ்டிக் மணி என்றால் அச்சில் வார்த்தது, எல்லா மணியும் இரட்டைப் பிள்ளை போல ஒரே மாதிரி இருக்கும்.

ஐந்து முகத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. மரத்தில் அதிகம் காய்ப்பதே ஐந்து முகம்தான். விலை குறைவு, போலி செய்கிற கூலிக்குக் கட்டாது. ஒரு முகம், 14 முகம், 21 முகம் என்று ஆசை காட்டுகிற இடத்தில்தான் ஏமாற்று நடக்கிறது. ஐந்து முகத்தில் ஒட்டுக்கோடு போட்டு ஏழாக்குவார்கள். வெந்நீரில் போட்டால் பல சமயம் பசை விட்டுவிடும்.

ஐயப்பாடு

அந்தப் பழத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பளிச்சென்ற நீலம். தோலில் நீல நிறமியே கிடையாது. தோலின் நுண்ணிய அடுக்குகள் ஒளியைத் திருப்பி அனுப்பும் விதத்தால்தான் அந்த நீலம் தெரிகிறது, மயில் இறகு போல. சம்பந்தம் இல்லைதான், சொல்லத் தோன்றியது.

சம்பந்தம் உள்ளது ஒன்று. கொள்ளிடக்கரை அக்கா சொன்ன கறுத்த மணிகள் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்துவிட்டன. உங்கள் அப்பாவை நடுவில் யாராவது எழுப்புவது உண்டா? எதற்குக் கேட்கிறேன் என்றால், எப்போதும் நாயகமணிக்கு அடுத்த மணியிலிருந்துதானே தொடங்குவார். 108ஐயும் முடித்தால் எல்லா மணியும் ஒரே அளவு தேயும். முப்பதாவது மணியில் எழுந்து போய்விட்டு, வந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினால் முதல் முப்பது மட்டும் கூடுதலாகத் தேயும். ஒரு நாள் இரண்டு நாளில் தெரியாது. பல ஆண்டு அப்படியே நடந்திருந்தால் தெரியும்.

பழைய_சைவர்

நடுவில் பேச நேர்ந்தால் விட்ட இடத்திலிருந்து தொடராமல் மேருவிலிருந்து, அதாவது நாயகமணியிலிருந்து, மறுபடி தொடங்குவது எங்கள் வீட்டிலும் பழக்கம். தம்பி சொல்வது நடந்திருக்கக் கூடியதுதான். எனக்கு இது தோன்றவில்லை.

கொள்ளிடக்கரை

ஐயப்பாடு, உங்கள் பதிவை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கறுத்த மணிகளை மட்டும் தனியே ஒரு கிண்ணத்தில் பொறுக்கிப் போட்டு எண்ணினார். முப்பத்திரண்டு. "நான்தான்" என்றார். தினமும் காலையில் அப்பா உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் அம்மா அடுக்களையிலிருந்து குரல் கொடுப்பாராம். பால்காரர் வந்திருக்கிறார், மோட்டாரை நிறுத்துங்கள், சிலிண்டர் வந்திருக்கிறது, சில்லறை இருக்கிறதா. அப்பா ஒரு நாளும் கோபித்துக்கொண்டதில்லை. எழுந்து போய்விட்டு வந்து மறுபடி உட்காருவார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா, நான் பாட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்" என்று சிரித்தார், அழுதார்.

மணி புதிதாக வாங்கவில்லை. யாழ்வடமராட்சி அண்ணா சொன்ன 27ஐ எடுத்துக்கொண்டோம். நாயகமணி சேர்த்து ஒரு மாலைக்கு 28. மூன்று மாலைக்கு 84. அம்மாவுக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. மீதி 22 மணி திருநீற்றுப் பைக்கே திரும்பிப் போகிறது. அம்மாவின் மாலை முழுக்கக் கறுத்த மணிகளில்தான். அப்பாவின் நாயகமணியும் அதற்கே.

அண்ணன்தான் சிக்கல். பெங்களூரில் இருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை கறி இல்லாமல் அவனுக்குப் பொழுது போகாது. பழைய சைவர் ஐயா என்ன சொல்வாரோ என்று பயமாக இருக்கிறது.

பழைய_சைவர்

பயப்படுவதற்கு நான் யார் அம்மா. உங்கள் அண்ணன் அதை ஒரு டப்பாவில் வைத்துக்கொள்ளட்டும். சோமவாரத்தில் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளட்டும். ஞாயிறுக்கும் திங்களுக்கும் நடுவில் ஒரு குளியல் இருக்கிறதே.

மணிகோப்பான்

நீங்களே கோக்கப் போகிறீர்கள் என்றால் கேளுங்கள். ஒரு மாலைக்கு ஒரு மீட்டர் முறுக்குநூல் எடுங்கள். பட்டும் ஆகும், பருத்தியும் ஆகும். முடிச்சு நூலை விழுங்கும், மிச்சம் பிடிக்க நினைத்தால் கடைசி மூன்று மணியில் மாட்டிக்கொள்வீர்கள். நூலின்மேல் தேன்மெழுகை இரண்டு முறை இழுத்துவிடுங்கள், பிரி பிரியாது, வியர்வையும் சீக்கிரம் ஊறாது. ஊசி தேட வேண்டாம். மெல்லிய கம்பியை இரண்டாக மடித்தால் அதுவே ஊசி.

மணியின் ஒரு முனை சற்று எடுப்பாக இருக்கும், மறுமுனை ஒடுங்கும். எடுப்பான பக்கத்தை முகம் என்று வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். உங்கள் மணிகள் தேய்ந்தவை, கண்ணுக்குத் தெரியாது. நகத்தால் தடவிப் பாருங்கள், தெரியும். முடிச்சை இறுக்கும்போது மணி ஒரு நெல் அளவு அசைய இடம் விடுங்கள். இறுக்கிக் கட்டினால் மாலை கம்பிபோல விறைத்து நிற்கும், விரலில் வளையாது. கடைசியில் குஞ்சம் வைப்பது உங்கள் விருப்பம்.

நெல்லைச்சீமை

அம்மா உருட்டத் தொடங்கிவிட்டாரா?

கொள்ளிடக்கரை

நேற்று முதல் மாலையைக் கட்டி முடித்தேன். மூன்று முறை அவிழ்த்துக் கட்டினேன், அது வேறு கதை. அம்மாவுக்கு மந்திரம் எதுவும் வேண்டாமாம். "சிவசிவ" மட்டும் சொல்கிறார், நான்கு சுற்று. எத்தனையாவது சுற்று என்பது மறந்துபோகிறது என்று பக்கத்தில் நான்கு துவரம்பருப்பை வைத்துக்கொண்டு சுற்றுக்கு ஒன்றாக நகர்த்துகிறார்.

இன்று காலை அவர் உட்கார்ந்திருந்தபோது பால்காரர் மணி அடித்தார். அம்மா என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். நான் போய் வாங்கினேன்.

இன்னொன்று. அரிசி டிரம்மை நகர்த்தியபோது ஒரு மணி கிடைத்தது. இப்போது மொத்தம் 107.

பழைய_சைவர்

நல்லது. மற்ற இரண்டும் வரும்.

மணிகோப்பான் அவர்களுக்கு ஒரு கேள்வி. இந்த இழையைப் படித்துவிட்டு என் மாலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கோத்து இருபது ஆண்டு ஆகிறது. நாயகமணிக்குப் பக்கத்தில் நூல் முடிபோல மெலிந்திருக்கிறது. அறுவதற்கு முன்னால் மாற்றிவிட வேண்டும். பட்டு நல்லதா, பருத்தியா? தேன்மெழுகு நாட்டுமருந்துக் கடையில் கிடைக்குமா?

மணிகோப்பான்

கிடைக்கும் ஐயா. பட்டே எடுங்கள். பழைய நூலை வெட்டும்போது கீழே ஒரு வேட்டியை விரித்துக்கொள்ளுங்கள்.